ஐடிஐ முடித்த தம்பிக்கு 'டிரெய்னி' வேலையா, சட்டப்படியான அப்ரண்டிஸ் பயிற்சியா?

அரக்கோணத்து அக்கா (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என் தம்பிக்கு 19 வயது. அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்தில் பிட்டர் (இயந்திர பாகங்களை ராவிப் பொருத்தும் தொழில்) பிரிவில் இரண்டு ஆண்டுப் படிப்பை முடித்து, தேசியத் தொழிற்சான்றிதழும் வாங்கிவிட்டான். இப்போது அவன் முன்னால் இரண்டு வாய்ப்புகள் இருக்கின்றன. இந்த வாரக் கடைசிக்குள் ஒன்றை முடிவு செய்தாக வேண்டும் என்பதால், விவரம் தெரிந்தவர்களிடம் கேட்கிறேன்.

முதலாவது, ஒரகடம் பக்கத்தில் உள்ள ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலை. ஆள் எடுப்பது நேரடியாகத் தொழிற்சாலை அல்ல, ஒரு ஒப்பந்த நிறுவனம். மாதம் 14,500 ரூபாய் என்கிறார்கள்; உணவகத்துக்கும் பேருந்துக்கும் பிடித்தது போகக் கையில் 13,000 வரும் என்று அங்கே ஏற்கெனவே இருக்கும் பையன் சொன்னான். கொடுத்த கடிதத்தை நானே மூன்று முறை படித்துப் பார்த்தேன். இரண்டு பக்கத்தில் 'டிரெய்னி' என்ற சொல் 11 இடங்களில் வருகிறது. ஆனால் எந்தத் தொழிலில் பயிற்சி, யார் கற்றுத்தருவார், முடிவில் என்ன சான்றிதழ் என்று ஒரு வரிகூட இல்லை. காலம் 15 மாதம் என்று மட்டும் இருக்கிறது.

இரண்டாவது, ராணிப்பேட்டைப் பக்கம் இயந்திர பாகங்கள் செய்யும் ஒரு நடுத்தரத் தொழிற்சாலை. 'ஆக்ட் அப்ரண்டிஸ்' என்று ஓராண்டு எடுத்துக்கொள்கிறார்களாம். மாதம் 8,500 ரூபாய். முடித்தபின் தேர்வு எழுதினால் இன்னொரு சான்றிதழ் கிடைக்கும், வேலைக்கு உத்தரவாதம் கிடையாது என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்கள்.

வீட்டு நிலையை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அம்மா தையல் நிறுவனத்தில் வேலை செய்கிறார். மகளிர் குழுக் கடனுக்கு மாதத் தவணை இருக்கிறது. இரண்டு வாய்ப்புகளுக்கும் இடையே மாதம் 4,500 என்றால் ஓராண்டுக்கு 54,000 ரூபாய். எங்களுக்கு அது சிறிய தொகை அல்ல. அப்படி விட்டுக்கொடுத்து வாங்கும் சான்றிதழுக்கு உண்மையான மதிப்பு இருக்கிறதா? சட்டம் அப்ரண்டிஸ் பையனுக்கு என்னதான் தருகிறது? தம்பிக்கு முதலாவதில்தான் மனம் போகிறது. அவனைக் குறை சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

ஓய்வுபெற்ற பயிற்சி அலுவலர்

அம்மா, நான் அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களில் 30 ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வு பெற்றவன். நீங்கள் கடிதத்தைப் படித்த விதமே சரியான விதம். டிரெய்னி, அப்ரண்டிஸ் என்ற இரண்டு சொற்களையும் ஊரில் ஒன்றாகவே பேசுகிறார்கள். சட்டத்தின் கண்ணில் அவை வெவ்வேறு.

அப்ரண்டிஸ் என்பவர் 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தின் கீழ் வருபவர். அவருக்கும் நிறுவனத்துக்கும் இடையே எழுத்து மூலமான பயிற்சி ஒப்பந்தம் இருக்க வேண்டும். அந்த ஒப்பந்தம் அரசின் அப்ரண்டிஸ்ஷிப் இணையதளத்தில் ஏற்றப்பட்டு, தொழிற்பழகுநர் ஆலோசகரால் பதிவு செய்யப்பட வேண்டும். ஆலோசகர் என்ற பெயரைப் பார்த்து ஏதோ அறிவுரை சொல்பவர் என்று நினைத்துவிட வேண்டாம், அவர் இந்தச் சட்டத்தை நடத்தும் அதிகாரி. பதிவு எண் இல்லாமல் ஒருவரைச் சட்டப்படியான அப்ரண்டிஸ் என்று காட்டுவது கடினம். ஆகவே ராணிப்பேட்டைத் தொழிற்சாலையிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி உதவித்தொகையைப் பற்றியது அல்ல. "ஒப்பந்தம் எப்போது இணையதளத்தில் ஏறும், எங்கள் கைக்கு ஒரு நகல் எப்போது வரும்?" என்று கேளுங்கள். தம்பிக்கு 18 வயது நிறைந்துவிட்டதால் அவனே கையெழுத்திடலாம், காப்பாளர் கையெழுத்து வேண்டாம்.

உதவித்தொகை விஷயத்தில் அவர்கள் சொல்வது நியாயமான தொகைதான். 2019இல் திருத்திய விதிகளின்படி ஐடிஐ சான்றிதழ் உள்ளவருக்குக் குறைந்தபட்சம் மாதம் 7,000 ரூபாய். அதற்கு மேல் கொடுப்பதற்கு எந்தத் தடையும் இல்லை. இந்தத் தொகைகளை 36 சதவீதம் உயர்த்த வேண்டும் என்று மத்திய தொழிற்பழகுநர் குழு 2025 மே மாதம் பரிந்துரைத்தது என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதத்துக்கான தொகையை அடுத்த மாதம் 10ஆம் தேதிக்குள் கொடுத்துவிட வேண்டும்.

இனி, சட்டம் என்ன தருகிறது என்று கேட்டீர்கள். ஆலோசகரின் ஒப்புதல் இல்லாமல் அப்ரண்டிஸை ஓவர்டைம் செய்ய வைக்கக் கூடாது. பயிற்சிக்கு நல்லது என்றோ பொதுநலனுக்குத் தேவை என்றோ அவர் நம்பினால்தான் ஒப்புதல் தரலாம். எத்தனை துண்டு செய்தாய் என்று எண்ணிக் கூலி கொடுக்கும் முறை அப்ரண்டிஸுக்கு அறவே கூடாது. இந்தத் தடைக்குக் காரணம் உண்டு. எண்ணிக்கைக்குக் கூலி என்று ஆகிவிட்டால், பையன் ஒரே இயந்திரத்தில் ஒரே வேலையை வேகமாகச் செய்யத்தான் கற்பானே ஒழிய, தொழிலைக் கற்க மாட்டான். பயிற்சிக்குச் சம்பந்தமில்லாத வேலையில் போடுவதும் குற்றம். தொழிற்சாலைத் தொழிலாளிக்கு உரிய உடல்நலம், பாதுகாப்பு, நலவசதி ஆகிய விதிகள் அவனுக்கும் பொருந்தும். பயிற்சியின்போது அடிபட்டால் தொழிலாளிக்கு உரிய இழப்பீடு உண்டு. விடுப்பும் விடுமுறையும் அந்த நிறுவனத்தில் உள்ளபடியே.

தராததையும் சொல்லியாக வேண்டும். சட்டத்தின் 18ஆம் பிரிவு, தொழிற்பழகுநர் பயிற்சி பெறுபவரே தவிரத் தொழிலாளி அல்ல என்று அழுத்தமாகச் சொல்கிறது. வருங்கால வைப்புநிதி கிடையாது, இஎஸ்ஐ என்னும் தொழிலாளர் காப்பீடு கிடையாது, மற்றத் தொழிலாளர் சட்டங்கள் பொதுவாகப் பொருந்தா. அந்த ஓராண்டு அவன் மாணவன். அவன் உட்காரும் வகுப்பறை மட்டும் ஒரு தொழிற்சாலைக்குள் இருக்கிறது.

முடிவில் அகில இந்தியத் தொழில் தேர்வு எழுதித் தேறினால் தேசியத் தொழிற்பழகுநர் சான்றிதழ் கிடைக்கும். இன்றைக்கு மூன்று மாதப் பயிற்சிக்கும் சான்றிதழ், இணையவழி வகுப்புக்கும் சான்றிதழ் என்று ஆகிவிட்ட நிலையில், எந்தக் காகிதத்தை நம்புவது என்று பெற்றோர் திகைப்பது இயல்பு. சான்றிதழ் வழங்கும் அமைப்புகளையும் மதிப்பிடும் அமைப்புகளையும் ஒழுங்குபடுத்தவே 2018இல் தேசியத் தொழிற்கல்வி மற்றும் பயிற்சிக் குழுமம் அறிவிக்கப்பட்டு 2020 முதல் செயல்படுகிறது. அதன் அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்ப்பது ஒரு நல்ல வடிகட்டி. ஆனால் நான் வேலைக்கு ஆள் எடுக்கும் குழுக்களில் அமர்ந்தவரையில், ஐடிஐ சான்றிதழோடு தொழிற்பழகுநர் சான்றிதழும் வைத்திருந்த பையனிடம் கேட்ட கேள்விகள் வேறு மாதிரி இருந்தன. மற்றவனிடம் "இது என்ன?" என்று கேட்டோம், இவனிடம் "இது பழுதானால் என்ன செய்வாய்?" என்று கேட்டோம்.

கோவை பட்டறைக்காரன்

பெரியவர் சொன்னது அத்தனையும் சரி. முதலாளி பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. நான் கோவையில் கணபதிப் பக்கம் பம்ப் பாகங்கள் கடையும் சிறிய பட்டறை வைத்திருக்கிறேன், மொத்தம் 18 பேர். 30 பேர் அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் அப்ரண்டிஸ் எடுத்தே ஆக வேண்டும் என்று கட்டாயம். அவர்கள் மொத்த ஆள்பலத்தில், ஒப்பந்தத் தொழிலாளர்களையும் சேர்த்துக் கணக்கிட்டு, 2.5 முதல் 15 சதவீதம் வரை எடுக்க வேண்டும். என்னைப் போல 4 முதல் 29 பேர் வரை உள்ளவர்களுக்கு அது விருப்பம். விருப்பத்தின் பேரில்தான் மூன்று ஆண்டுகளாக ஆண்டுக்கு ஒரு பையனை எடுக்கிறேன்.

அதன் கணக்கு இதுதான். மாதம் 9,000 கொடுக்கிறேன். தேசியத் தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில் அரசு உதவித்தொகையில் கால் பங்கை, அதிகபட்சம் 1,500 ரூபாய் வரை ஏற்கிறது. இப்போது அது நேராகப் பையனின் வங்கிக் கணக்குக்கே போகிறது. ஆனால் செலவு உதவித்தொகையோடு நிற்பதில்லை. முதல் நான்கு மாதம் என் மூத்த கடைசல்காரர் ஒரு நாளில் இரண்டு மணி நேரமாவது அவனுக்காக ஒதுக்க வேண்டும். அவன் கெடுக்கும் வார்ப்பு, உடைக்கும் டூல் எல்லாம் என் கணக்கில். எட்டாம் மாதம்தான் அவன் கடைந்த புஷ் என்னும் சிறு உருளைப் பாகத்தை அளந்து பார்க்காமல் பெட்டியில் போடும் தைரியம் எனக்கு வருகிறது. அப்போது பெரிய தொழிற்சாலை ஒன்று 3,000 ரூபாய் கூடுதலாகக் காட்டி அழைத்துக்கொண்டு போய்விடும். பையனைத் தவறு சொல்ல மாட்டேன், அவன் வாழ்க்கை அவனுக்கு. ஆனால் பல பேர் 'டிரெய்னி' என்று வைத்து ஒரே இயந்திரத்தில் நிறுத்திவிடுவதற்குக் காரணம் இந்தக் கணக்குத்தான் என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்னொன்று. எண்ணிக்கைப்படி அப்ரண்டிஸ் எடுக்காத நிறுவனத்துக்கு 2014 திருத்தத்துக்கு முன்பு ஆறு மாதம் வரை சிறை என்ற பிரிவு இருந்தது. அதை எடுத்துவிட்டு, குறையும் ஒவ்வொரு அப்ரண்டிஸுக்கும் முதல் மூன்று மாதம் மாதத்துக்கு 500 ரூபாய், அதன்பின் மாதத்துக்கு 1,000 ரூபாய் அபராதம் என்று வைத்தார்கள். சிறைக்குப் பயந்து யாரும் எடுக்கவில்லை என்பதும் உண்மை. ஆனால் ஒரு பையனுக்கு மாதம் 7,000 கொடுத்துக் கற்றுத்தருவதைவிட 1,000 கட்டிவிட்டுப் போவது மலிவு என்று கணக்குப் போடும் நிறுவனத்தை அந்தப் பிரிவு எப்படித் தடுக்கும்? பொறியியல் அல்லாத பட்டதாரிகளுக்கும், பட்டியலில் இல்லாத புதிய தொழில்களுக்கும் கதவைத் திறந்துவிட்டது அதே திருத்தம்தான். அது நல்ல காரியம். கதவைத் திறந்தவர்கள் உள்ளே இருக்கும் படியையும் கொஞ்சம் உறுதியாகப் போட்டிருக்கலாம்.

உங்கள் தம்பி விஷயத்தில் ஒரே ஒரு யோசனை. ராணிப்பேட்டைக்குப் போய் ஒரு மணி நேரம் ஷாப் புளோரைச் சுற்றிப் பார்க்க அனுமதி கேளுங்கள். அப்ரண்டிஸ் பையன்கள் எங்கே நிற்கிறார்கள் என்று பாருங்கள். பேக்கிங் பக்கம் நின்றால் ஒரு விடை, அளவுக் கருவிகளோடு பெஞ்சில் நின்றால் இன்னொரு விடை.

நீலமும் சுரண்டியும்

பேக்கிங் என்ற சொல்லைப் படித்ததும் என் அனுபவத்தை எழுத வேண்டும் என்று தோன்றியது. நானும் பிட்டர் படித்தவள். எங்கள் வகுப்பில் 20 பேரில் பெண்கள் இரண்டே பேர்.

நான் அப்ரண்டிஸாகச் சேர்ந்த தனியார் தொழிற்சாலையின் பெயரைச் சொல்ல விரும்பவில்லை. ஒப்பந்தம், பதிவு, எண் எல்லாம் முறையாக இருந்தன. ஆனால் முதல் மூன்று மாதம் என்னை அட்டைப் பெட்டி ஒட்டும் இடத்தில்தான் வைத்திருந்தார்கள். "பெண்பிள்ளைக்கு இதுதான் பாதுகாப்பு" என்று மேற்பார்வையாளர் அன்பாகவே சொன்னார். வாரா வாரம் எழுத வேண்டிய பயிற்சிப் பதிவேட்டில் நான் என்ன எழுதுவது? முதல் வாரம் 'பெட்டி ஒட்டுதல்' என்று எழுதினேன். அவர் அதை அடித்துவிட்டு 'அரம் போடுதல்' என்று எழுதிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அந்தப் பக்கத்தை இன்றும் வைத்திருக்கிறேன். நீல மையில் என் எழுத்து, அதன்மேல் ஒரு கோடு, பக்கத்தில் சிவப்பு மையில் அவர் எழுத்து.

என் ஐடிஐ ஆசிரியையிடம் காட்டினேன். பயிற்சிக்குச் சம்பந்தமில்லாத வேலை கொடுப்பது சட்டப்படி குற்றம் என்று எனக்கு முதன்முதலில் சொன்னவர் அவர்தான். மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்துக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதினோம், ஒப்பந்த எண்ணைக் குறிப்பிட்டோம். சண்டை எதுவும் நடக்கவில்லை. ஒரு அதிகாரி வந்து பதிவேடுகளைக் கேட்டார், அவ்வளவுதான். அடுத்த திங்கட்கிழமை என்னைப் பராமரிப்புப் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கேதான் நான் தொழில் கற்றேன். துல்லியமாகச் சமமாக்கிய சர்பேஸ் பிளேட் என்னும் பலகையில் நீல மை தடவி, இயந்திரத்தில் வழுக்கி நகரும் ஸ்லைடு பாகம் பழுதானதை அதன்மேல் வைத்து மெதுவாக நகர்த்தி எடுத்தால், மேடான இடங்களில் மட்டும் நீலம் ஒட்டியிருக்கும். அந்தப் புள்ளிகளை மட்டும் சுரண்டியால் சுரண்டிவிட்டு மறுபடி வைக்க வேண்டும். புள்ளிகள் பரவலாகும் வரை நாள் முழுக்க அதே வேலை. ஐடிஐயில் அதைப் படம் போட்டுப் படித்திருந்தேன். என் கை கற்றது அந்த ஆறு மாதத்தில்.

அக்கா கேட்ட 'உண்மையான மதிப்பு' பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ரயில்வேயின் லெவல் 1 என்னும் தொடக்க நிலைப் பணியிடங்களில் 20 சதவீதம் ஆக்ட் அப்ரண்டிஸ் முடித்தவர்களுக்கு ஒதுக்கப்படுகிறது என்பது உண்மை, ஆனால் அது ரயில்வே நிறுவனங்களிலேயே அப்ரண்டிஸ் முடித்தவர்களுக்கு மட்டும். பெரம்பூர் ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலை போன்ற இடங்களில் அறிவிப்பு வரும்போது விண்ணப்பிக்கத் தம்பியிடம் சொல்லுங்கள். தனியார் தொழிற்சாலையில் வாங்கிய சான்றிதழுக்கு அந்த ஒதுக்கீடு கிடையாது. இதை யாராவது வேறு மாதிரி சொன்னால் நம்ப வேண்டாம். நான் இப்போது ஒரு உணவுப்பொருள் ஆலையில் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன். நேர்காணலில் என் சான்றிதழைப் பார்த்துவிட்டு, "எந்தப் பிரிவில் இருந்தாய்?" என்று கேட்டார்கள். நீலம், சுரண்டி என்று ஆரம்பித்ததும் அடுத்த கேள்வி சம்பளத்தைப் பற்றித்தான் வந்தது.

அரக்கோணத்து அக்கா

மூவருக்கும் மிக்க நன்றி. தம்பியை உட்கார வைத்து எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். பட்டறைக்கார அண்ணன் சொன்னபடி நேற்று இருவரும் ராணிப்பேட்டைக்குப் போய் வந்தோம். உள்ளே விட்டார்கள். அப்ரண்டிஸ் பையன்கள் நான்கு பேர் இருந்தார்கள். இரண்டு பேர் பெஞ்ச் வைஸில் எதையோ ராவிக்கொண்டிருந்தார்கள், ஒருவன் லேத்தில் ஒரு பெரியவர் பக்கத்தில் நின்றான், இன்னொருவன் கிடங்கில் பொருள்களை எண்ணிக்கொண்டிருந்தான். தம்பி பெஞ்ச் பக்கமே நின்றுவிட்டான். அந்தப் பையன் இரண்டு துண்டுகளைக் கோர்த்து ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துக் காட்டியிருக்கிறான். இடுக்கில் மயிரிழை வெளிச்சம்கூடத் தெரியவில்லையாம். வரும் வழியெல்லாம் அதைத்தான் பேசிக்கொண்டு வந்தான்.

ஆனாலும் எனக்கு ஒரு சந்தேகம் தீரவில்லை. ஒரகடத்தில் 15 மாதம் வேலை செய்தால் அதன்பின் நிரந்தரம் ஆக வாய்ப்பு உண்டு என்று அந்த ஒப்பந்த நிறுவனத்தார் வாய்மொழியாகச் சொல்கிறார்கள். அது நடக்கக்கூடியதா? அப்ரண்டிஸ் முடித்தாலும் வேலை இல்லை என்கிறபோது, இந்த வாய்ப்பை விட்டுவிடுவது சரியா?

தொழிலாளர் பக்கம்

சகோதரி, நான் தொழிற்சங்கப் பணியில் பல ஆண்டுகளாக இருப்பவன். அந்த 15 மாதம் என்ற எண்ணைப் பற்றி ஒரு விளக்கம் தர வேண்டும்.

தமிழ்நாட்டில் 1981ஆம் ஆண்டின் தொழில் நிறுவனங்கள் (தொழிலாளர்களுக்கு நிரந்தரத் தகுதி வழங்கல்) சட்டம் என்று ஒரு மாநிலச் சட்டம் இருக்கிறது. 24 மாதங்களுக்குள் 480 நாள்கள் தொடர்ச்சியாகப் பணி செய்த தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும் என்பது அதன் சாரம். 15 மாதத்தில் வாரவிடுமுறையைக் கழித்தால் எத்தனை வேலைநாள் வரும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். ஞாயிறு அனைத்தையும் சேர்த்தாலும் ஏறத்தாழ 456 நாள்தான். அந்த நிறுவனத்தின் மனத்தில் என்ன இருந்தது என்று நான் சொல்ல முடியாது. ஆனால் 480ஐத் தொடாத காலத்துக்கு ஒப்பந்தம் போடுவது இந்த வட்டாரத்தில் நான் அடிக்கடி பார்க்கும் பழக்கம். நிரந்தரம் ஆகலாம் என்று அவர்கள் சொல்வதை, அவர்கள் கடிதத்திலேயே ஒரு வரியாக எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தந்தால் யோசியுங்கள்.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. 'டிரெய்னி' என்று பெயர் வைத்துவிட்டால் ஒருவர் தொழிலாளி அல்ல என்று ஆகிவிடாது. பெயர் என்னவாக இருந்தாலும் அவர் செய்தது உற்பத்தி வேலையா, அவருக்கு உண்மையில் யாராவது கற்றுத்தந்தார்களா என்பதைத்தான் வழக்கில் பார்க்க வேண்டியிருக்கும். ஆனால் அதை நிரூபிக்கும் பாரம் 19 வயதுப் பையன் மேல் விழும். ஒப்பந்த நிறுவனம் ஒரு பக்கமும் தொழிற்சாலை ஒரு பக்கமும் கைகாட்டிக்கொண்டிருக்கும். அப்படிப்பட்ட வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நடப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

அப்ரண்டிஸ் முடித்தவருக்கு வேலை கொடுக்கும் கட்டாயம் இல்லை என்று அவர்கள் சொன்னது பொதுவாகச் சரி. ஆயினும் தொழிற்பழகுநர் சட்டத்தின் 22ஆம் பிரிவை 2014இல் திருத்தியபோது, தன்னிடம் பயிற்சி முடித்தவர்களை வேலைக்கு எடுப்பது குறித்து ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு கொள்கை வகுக்க வேண்டும் என்று வைத்தார்கள். அந்தக் கொள்கையை எழுத்தில் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. மேலும், பயிற்சி முடிந்தபின் இங்கேயே பணியாற்ற வேண்டும் என்று ஒப்பந்தத்தில் நிபந்தனை போட்டால், பொருத்தமான வேலை தர வேண்டிய கடமை நிறுவனத்துக்கும் வந்துவிடும். பையனை மட்டும் கட்டிப்போடும் நிபந்தனைக்குச் சட்டத்தில் இடமில்லை.

அரசு நிறுவனங்களைப் பொறுத்தவரை, 1995இல் உத்தரப் பிரதேசப் போக்குவரத்துக் கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது: மற்றத் தகுதிகள் சமமாக இருந்தால் நேரடியாக வருபவரைவிட அப்ரண்டிஸ் முடித்தவருக்கு முன்னுரிமை தர வேண்டும், பணி விதிகள் வேறு சொல்லாதவரை, பயிற்சிக் காலத்தின் அளவுக்கு வயது வரம்பில் தளர்வு தர வேண்டும். முன்னுரிமை என்றால் உத்தரவாதம் அல்ல. ஆனால் 15 மாத டிரெய்னி கடிதத்தைக் காட்டி எவரும் இந்த முன்னுரிமையைக் கேட்க முடியாது.

கோவை நண்பர் அபராதம் பற்றிச் சொன்னதில் எனக்கு முழு உடன்பாடு. அதோடு ஒன்றைச் சேர்ப்பேன்: தொழிற்பழகுநரைத் தொழிலாளி அல்ல என்று விலக்கி வைத்த சட்டம், கற்றுத்தருகிறார்களா என்று நேரில் போய்ப் பார்க்கும் கண்களை அதிகமாக வைத்திருக்க வேண்டும். சுரண்டி பிடித்த சகோதரிக்கு அதிகாரி வந்தது அவர் கடிதம் எழுதியதால். எழுதத் தெரியாமல் ஓராண்டு முழுக்கப் பெட்டி ஒட்டிய பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

ஓய்வுபெற்ற பயிற்சி அலுவலர்

சங்க நண்பரின் கடைசி வரியை என் துறையில் இருந்தவன் என்ற முறையில் மனவருத்தத்தோடு ஏற்றுக்கொள்கிறேன். ஒரு மாவட்டத்தில் இருக்கும் தொழிற்சாலைகளின் எண்ணிக்கைக்கும் நேரில் போய்ப் பார்க்க வேண்டியவர்களின் எண்ணிக்கைக்கும் என் காலத்திலேயே பொருத்தம் இல்லை. இப்போது தமிழ்நாட்டின் 71 அரசு ஐடிஐகளை 2,877 கோடி ரூபாய்த் திட்டத்தில் ரோபோ, கணினியால் இயங்கும் நவீன சிஎன்சி இயந்திரம் என்று தரம் உயர்த்தியிருக்கிறார்கள். நானே ஒன்றைப் போய்ப் பார்த்து மகிழ்ந்தேன். அங்கே படித்து வரும் பிள்ளை அடுத்த ஓராண்டை எந்தத் தளத்தில், யார் பக்கத்தில் நின்று கழிக்கிறான் என்பதிலும் அதே அக்கறை வேண்டும் என்று துறைக் கூட்டங்களில் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

அம்மா, தம்பி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்ததைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்து மிகவும் மகிழ்ந்தேன். பணத் தட்டுப்பாட்டுக்கு நான் வழி சொல்ல முடியாது. அது உங்கள் வீட்டு முடிவு. அப்ரண்டிஸ் என்று முடிவானால் சில காரியங்களை மட்டும் மறக்காதீர்கள். ஒப்பந்தம் கையெழுத்தான 7 நாள்களுக்குள் நிறுவனம் விவரங்களை இணையதளத்தில் ஏற்ற வேண்டும். எட்டாம் நாள் தம்பியின் கணக்கில் நுழைந்து பாருங்கள். மூலச் சான்றிதழ்களை யாரிடமும் ஒப்படைக்க வேண்டாம், காட்டிவிட்டுத் திரும்ப வாங்கி வாருங்கள். பதிவேட்டில் செய்த வேலையை மட்டுமே எழுதச் சொல்லுங்கள், மாதம் ஒருமுறை அந்தப் பக்கங்களைக் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். கிடங்கில் எண்ணிக்கொண்டிருந்த அந்த நான்காவது பையன் எத்தனை நாளாக அங்கே இருக்கிறான் என்பதையும் சேரும் முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அரக்கோணத்து அக்கா

கேட்டேன் ஐயா. கிடங்கில் ஒவ்வொருவருக்கும் இரண்டு வாரம் முறை வைத்திருக்கிறார்களாம், அவனுக்கு இது இரண்டாவது வாரம். ஒரகடத்துக்காரர்களிடம் நிரந்தரம் பற்றி எழுதித் தரச் சொன்னோம். தலைமை அலுவலகத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னவர்கள் இன்றுவரை அழைக்கவில்லை. அம்மா குழுத் தலைவியிடம் பேசித் தவணையைச் சிறிதாக்கிக் காலத்தை நீட்ட முடியுமா என்று கேட்டிருக்கிறார், செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் தெரியும். தம்பி தன் பழைய ஐடிஐ ரெக்கார்டு நோட்டை எடுத்து அட்டை போட்டுக்கொண்டிருக்கிறான். வருகிற திங்கட்கிழமை ராணிப்பேட்டையில் ஒப்பந்தத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். பதிவு எண் வந்ததும் இங்கே வந்து சொல்கிறேன்.